கொரியா நோட்டும் குசைஸ் பார்க்கிங்கும்

துபாய் போய்வந்தேன் என்றதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அந்த உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏறினீர்களா என்பதுதான். ஏறவில்லை. டாக்ஸி கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தேன், அதுவும் ஓட்டுநர் வழி தவறியதால் கிடைத்த பாக்கியம். நான் நன்றாகப் பார்த்த இடங்கள் இரண்டு. ஒன்று, அல் குசைஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் பேட்மிண்டன் உள்ளரங்கம். மற்றது, அந்த அரங்கத்தின் கார் பார்க்கிங். முதலாவதற்கு விரும்பிப் போனேன். இரண்டாவதற்கு அனுப்பப்பட்டேன்.

என் மகள் நிவேதாவுக்குப் பதினாறு வயது. எட்டு வயதிலிருந்து பேட்மிண்டன் ஆடுகிறாள். நான் தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எனக்கு மட்டையைப் பிடிக்கத் தெரியாது, ஆனால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லத் தெரியும். பேட்மிண்டன் பெற்றோர் அனைவரும் இந்தத் தகுதியோடுதான் பிறக்கிறார்கள்.

போன வருடம் திருநெல்வேலியில் ஒரு போட்டி. இடது பக்கம் பாய்ந்து ஒரு ஷட்டிலை எடுக்கப்போய் விழுந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ‘அப்பா’ என்று கத்தினாளாம். கூப்பிடப்பட்டவன் அப்போது வாசலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே வந்தபோது அவளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். என் விரலில் சட்னி இருந்தது. அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை, கட்டு, ஊன்றுகோல், பிசியோதெரபி என்று பதினோரு மாதம். துபாயில் நடந்த இந்த இளையோர் போட்டிதான் அவள் திரும்பி வந்து ஆடிய முதல் போட்டி. மருத்துவர் ஆடலாம் என்றார். பிசியோதெரபிஸ்ட் ஆடலாம் என்றார். என்னைத்தான் யாரும் பரிசோதிக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை அரங்கத்தை விட்டு ஓர் அடி நகர்வதில்லை என்று எனக்கு நானே வைத்தியம் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பதினோரு மாதத்தில் அவள் காலைத் தேற்றினாள்; நான் நோட்டுப் போட்டேன். இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. அட்டையில் ‘கொரியா’ என்று எழுதினேன். உலகப் போட்டிகளின் வீடியோக்களை இரவும் பகலுமாகப் பார்த்ததில், கொரிய வீராங்கனைகள் விழுவதும் எழுவதும் ஒரே அசைவு என்று கண்டுபிடித்திருந்தேன். அவர்கள் எத்தனை வயதில் பள்ளி அணியில் சேர்கிறார்கள், எந்தப் போட்டியில் யாரோடு இணை சேர்ந்தார்கள், யார் எப்போது ஓய்வுபெற்றார்கள் என்றெல்லாம் எழுதினேன். என் பணிப் பதிவேட்டில் இருக்கும் பிழைகளைக்கூட நான் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. முதல் பக்கத்தில் மூன்று விதிகள். கொரியப் பிள்ளைகள் ஐந்து மணிக்கு எழுகிறார்கள். கொரியப் பிள்ளைகள் செல்போன் பார்ப்பதில்லை. கொரியப் பிள்ளைகளின் வெற்றிக்குக் காரணம் தந்தையின் கண்டிப்பு. மூன்றாவது விதிக்கு வீடியோ ஆதாரம் இல்லை. அது என் சொந்த ஆராய்ச்சி. நிவேதா நான்காவது தோசை கேட்ட ஒரு நாள், கொரியாவில் என்று ஆரம்பித்தேன். கொரியாவில் தோசையே கிடையாது, பிள்ளை தின்னட்டும் என்று என் மனைவி முடித்துவைத்தாள்.

துபாயில் எங்களுக்கு ஆதரவு என் மச்சினன் அந்தோணி. பதினான்கு வருடமாக அங்கே ஏசி மெக்கானிக். ஊருக்குப் போயிருந்த ஒரு நண்பரின் வீட்டுச் சாவியை எங்களுக்காக வாங்கி வைத்திருந்தான். மே மாத வெயிலில் மொட்டைமாடிகளில் நின்று ஊரையே குளிரவைப்பவன், தன் ரூமில் ஆறு பேரோடு ஒரு ஏசியைப் பங்கு போடுகிறான். அதைப் பற்றிக் கேட்டால், டூட்டி அத்தான் என்பான். அவனுக்கு எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு பதில் போதும்.

அவனுக்கு டூட்டி இருந்ததால் முதல் நாள் டாக்ஸியில் போனோம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். பத்து நிமிடத்தில் அரங்கம் தெரிந்தது. பெயர்ப்பலகை தெரிந்தது. வாசலில் மட்டையோடு நிற்கும் பிள்ளைகள்கூடத் தெரிந்தார்கள். ஆனால் நடுவே ஒரு நெடுஞ்சாலை. இங்கேயே இறக்கிவிடுங்கள், கடந்துவிடுகிறோம் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பாய், இந்த ரோட்டைக் கடந்தவன் நேராக மேலேதான் போவான் என்றார். திரும்புவதற்கு ஷார்ஜா பக்கம் போகவேண்டும் என்று போனார், ஒரு பிரிவைத் தவறவிட்டார், அப்போதுதான் தூரத்தில் ஊசிபோல அந்தக் கட்டடம் தெரிந்தது. தூத்துக்குடியில் எதிர்ப்பக்கம் போகவேண்டுமென்றால் லாரிக்குக் கையைக் காட்டிவிட்டு நடப்போம். லாரியும் நிற்கும். நாகரிகம் வளர வளர எதிர்ப்பக்கம் தூரமாகிவிடுகிறது.

அரங்கத்துக்குள் மார்கழிக் குளிர். பெற்றோர் வரிசை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டயத்து அம்மா ஒருவர் முக்காலியில் கேமராவைப் பொருத்தி மகனின் ஒவ்வொரு புள்ளியையும் படமெடுத்து, அடுத்த நிமிடமே ஊரில் இருக்கும் கோச்சுக்கு அனுப்பினார். ஹைதராபாத் அப்பா ஒருவர் மகள் தோற்ற ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்து நின்றார், ஜெயித்தால் உட்கார்ந்தார். அன்று அவர் பெரும்பாலும் நின்றார். இவர்களையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நோட்டை விரித்து, சாய்வுக் கோட்டில் நிவேதாவின் கால் அசைவுகளைக் குறிக்கத் தொடங்கினேன்.

அங்கேதான் ஒரு நிஜக் கொரியப் பெண்ணை முதன்முதலில் பார்த்தேன். பெயர் சோரா. துபாயிலேயே வளர்ந்தவள், பதினைந்து வயது. எதிராளியை அவள் இருபது நிமிடத்தில் முடித்தாள். என் கண் அவள் ஆட்டத்தைவிட அவள் தந்தையைத்தான் தேடியது. பின்னால் போட்டிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. ‘தந்தை வரவில்லை. அப்படியானால் கண்டிப்பு?’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன். மதியம் அவள் கருப்புக் கடற்பாசித் தாளில் சுருட்டிய சோற்றுத் துண்டுகளைத் தின்றாள். சுருள் முறுக்கைக் குறுக்கே வெட்டியதுபோல இருந்தது. அதே பெஞ்சின் மறுமுனையில் நிவேதா வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் கழிப்பறைக்குப் போய்வருவதற்குள் இருவரும் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். போட்டியாளரோடு இப்படிப் பழகலாமா என்று பின்னால் கேட்டேன். ரோல் நல்லா இருந்துச்சுப்பா என்றாள் நிவேதா. சோராவின் கையில் செல்போனும் இருந்தது. இரண்டாவது விதியை அடித்தேன்.

முதல் நாள் நிவேதா எளிதாக ஜெயித்தாள். மறுநாள் காலை அவளுக்கு மூன்றாம் ஆடுதளம், சோராவுக்குப் பக்கத்திலேயே நான்காம் தளம். நான் நிவேதாவுக்குப் பின்னால் முதல் வரிசை. முதல் கேமை எடுத்துவிட்டாள். இரண்டாவதில் முன்னால் இருந்தாள். அவள் நடுக்கோட்டுக்குத் திரும்பும் விதத்தைப் பற்றிக் குனிந்து ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தேன்.

“அப்பா.”

கத்தல் இல்லை, வலியில் வரும் இழுப்பு. எழுதிய வரி அங்கேயே நின்றது. பேனா இழுத்துக்கொண்டு போன கோடு இன்னும் நோட்டில் இருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் இடுப்புயர விளம்பரப் பலகையைத் தாண்டியிருந்தேன். பத்து வருடமாக நான் எதையும் தாண்டியதில்லை. மூன்றாம் தளத்தின் நடுவில் நின்றேன். காதில் ஏதோ பட்டது. அது ஷட்டில். வலைக்கு இந்தப் பக்கம் நிவேதா இரண்டு காலில் நேராக நின்று, ஓங்கிய மட்டையை இறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் எந்த மாணவனிடமும் கண்டதில்லை, சஸ்பெண்ட் ஆனவனிடம்கூட.

நான்காம் தளத்தில் சோரா உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் மறுபடியும் அப்பா என்றாள்.

நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா என்றேன், தமிழில். பிறகு ஃபாதர் என்று திருத்தினேன். யாருடைய தந்தை என்று கேட்டார். நான் மூன்றாம் தளத்தைப் பார்த்தேன், நான்காம் தளத்தைப் பார்த்தேன்.

என்னால் நின்ற புள்ளியை மறுபடி ஆடவைத்தார்கள். அதைக்கூட மன்னித்திருப்பார்கள். என் செருப்பைத்தான் மன்னிக்கவில்லை. தளத்தின் பச்சை விரிப்பில் தனிக் காலணிதான் அணியவேண்டுமாம். நானோ தூத்துக்குடி தோல் செருப்போடு ஏறியிருந்தேன். தடயம் வரிசையாக இருந்தது. ஒரு தொண்டர் துணியோடு வந்து, குற்றம் நடந்த இடத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். இன்னொருவர் என் மணிக்கட்டில் இருந்த நுழைவுப் பட்டையைக் கத்தரியால் வெட்டி, வாசலைக் காட்டினார். பெரிய மரியாதையோடு காட்டினார். ஹைதராபாத் அப்பா நான் போகும் வரை உட்காரவே இல்லை.

வெளியே, பார்க்கிங்கின் ஓரத்தில் இருந்த ஒரே வேப்பமர நிழலில் நின்றேன். இருபது நிமிடம் கழித்து சோரா நொண்டிக்கொண்டு வந்தாள். வெறும் தசைப்பிடிப்பு, ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்று, நீங்கள் ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்டாள். நீ அப்பா என்று கூப்பிட்டாய் என்றேன். அப்பா என்றால் கொரிய மொழியில் தந்தை என்றாள். எங்கள் மொழியிலும் அதேதான் என்றேன். அவள் நம்பவில்லை. வயதானவர் உளறுகிறார் என்று முகத்தில் எழுதியிருந்தது. இருநூறு பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு சொல் தெரியாமல் போனதை என்னாலும்தான் நம்ப முடியவில்லை.

வரிசையில் கடைசியாக நின்ற வெள்ளைக் காரின் கண்ணாடியை அவள் தட்டினாள். சாய்த்த இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்தார். என் வயது இருக்கும், தோள் மட்டும் இன்னும் ஆட்டக்காரனின் தோள். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, இடுப்புவரை குனிந்து வணங்கினார். என் மகள் கூப்பிட்டதற்கு நீங்கள் ஓடினீர்கள், நன்றி என்றார். உங்கள் மகளுக்காக ஓடவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். குனிந்து நிற்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? பரவாயில்லை என்றேன். அவர் பெயர் ஹான்.

நிவேதாவும் ஜெயித்துவிட்டு வந்தாள். தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகினாள். பிறகுதான் பேசினாள்.

“நாளைக்கு நீங்க உள்ள வராதீங்கப்பா.”

“பட்டைய வெட்டிட்டாங்கம்மா. எப்படி வருவேன்?”

“பட்ட குடுத்தாலும் வராதீங்க.” குனிந்து காலணி நாடாவை இறுக்கினாள். “நீங்க அங்க உக்காந்திருந்தா நான் விழக்கூடாதுன்னே ஆடுறேன். இடது பக்கம் தள்ளி வர்ற ஷாட்ட ஒண்ணுகூட எடுக்கல. ரெண்டு நாளா. நீங்கதான் எல்லாத்தையும் எழுதுறீங்களே, அத எழுதலையா?”

எழுதவில்லை. இரவு அந்தோணி வந்தபிறகு நோட்டை மறுபடி பார்த்தேன். இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒன்பது பக்கம் குறிப்பு இருந்தது. நடுக்கோடு, பின்கோடு, மூச்சு, வியர்வை, எல்லாம் இருந்தன. இடது மூலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் அங்கே போகாததால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. நிம்மதியைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தோணி எங்களைத் தமிழ் மெஸ் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். பரோட்டா வருவதற்குள் செய்தி அங்கே வந்திருந்தது. போட்டி நடக்கும் பள்ளியின் ஏசியைப் பார்ப்பவன் இவன் கூட்டாளியாம்.

“வீட்டு நடையில கழட்டுத செருப்ப அங்கயும் கழட்டிருக்கலாம்லா அத்தான்” என்றான். “கலாஸ், விடுங்க. கொரியாக்காரன் கும்பிட்டாம்லா. இந்த ஊர்ல பதினாலு வருசத்துல என்னைய ஒருத்தன் கும்பிடல.”

நிவேதா சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் காலிறுதி ஆட்டம் யாரோடு என்று அவள் அதற்குப் பிறகுதான் சொன்னாள். சோராவோடு.

மறுநாள் காலை அவளை வாசலில் விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு மூடியது. நான்கு நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டியது. வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. ஹான் கையசைத்தார்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் ஷட்டில் டப்பாக்கள், ஒரு குழந்தை மட்டை, நொறுக்குத்தீனிப் பொட்டலம். நீங்கள் ஏன் உள்ளே போவதில்லை என்று கேட்டேன். மகளுக்கு கோச் வேறொருவர், நான் டிரைவர் என்றார். அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

பேச்சு நின்றால் கதவைத் திறந்து ஓடிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் நோட்டை நீட்டினேன். எழுத்து தமிழ் என்பதால் நானே ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். முதல் விதியைக் கேட்டதும் தலையசைத்தார். ஐந்து மணிக்கு எழுந்தது உண்மைதானாம். விடுதியில் விளக்கைப் போட்டுவிடுவார்களாம், எழாமல் என்ன செய்வது என்றார். மூன்றாவது விதிக்கு ரொம்ப நேரம் சிரித்தார். பத்து வயதில் பள்ளி அணி, பிறகு விடுதி. அவருடைய அப்பா வேறு ஊரில் பேருந்து ஓட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழத்தோடு வந்து, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு ஓடுவார். கண்டிக்க அவருக்கு நேரமில்லை.

ஹான் ஆடியது இரட்டையர் ஆட்டம். அங்கே இணையை முடிவு செய்வது கோச். காலையில் பெயரைச் சொன்னால் மாலையில் ஒன்றாக ஆடவேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணத்துக்காவது பொருத்தம் பார்ப்போம் என்றேன். இவருக்கு மூன்று இணைகள். மூன்றாமவர் பிறகு வேறொருவரோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்றாராம். அவர் பெயரைச் சொன்னார். என் நோட்டில் அவருக்கு நான்கு பக்கம் இருந்தது. ஹானுக்கு ஒரு வரியும் இல்லை. அதை நான் வாசித்துக் காட்டவில்லை.

ஒருமுறை ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போனார். அங்கே தங்கம் வாங்கினால் கட்டாய ராணுவச் சேவையில் விலக்கு உண்டு. இவர் அரையிறுதியில் தோற்றார். வெண்கலம். வெண்கலத்துக்கு விலக்கு கிடையாது. பதக்கத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனேன் என்றார். ராணுவம் முடிந்து ஒரு கம்பெனி அணி. அங்கே ஆட்டக்காரனுக்கும் ஊழியர் அட்டை உண்டு. முப்பது வயதில் தோள் போய்விட்டது. கம்பெனி கைவிடவில்லை, ஒரு மேசை கொடுத்தது. மேசைக்கு வேலை கொடுக்கத்தான் மறந்துவிட்டது. இரண்டு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு வளைகுடாவில் ஒரு கிளப்புக்கு கோச் தேவை என்று கேள்விப்பட்டு வந்தார். இங்கே எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் மட்டை பிடிக்கச் சொல்லித் தருகிறார். பெரும்பாலானவர்கள் இரண்டு வருடத்தில் நீச்சலுக்கு மாறிவிடுகிறார்கள்.

வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி அது.

“அரையிறுதியில் கடைசிப் புள்ளி என் பக்கம் வந்தது. எடுத்திருக்கலாம். காலுக்கு அடிபடக்கூடாது என்று விட்டுவிட்டேன். மறுவாரம் இன்னொரு போட்டி இருந்தது” என்றார். “காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.”

சொல்லிவிட்டு இருக்கையைச் சாய்த்தார். மூன்று நிமிடத்தில் குறட்டை வந்தது. உள்ளே அவர் மகளும் என் மகளும் ஆடிக்கொண்டிருக்க, கொரியக் கட்டுப்பாடு வாயைத் திறந்து தூங்கியது. நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரங்கத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியை இறக்கினேன். அப்போதும் வரவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று வெயிலில் நின்றது. போட்டிக்காக முன்கூட்டியே நிறுத்தியதுதான் என்று தெரியும். அதன் ஓட்டுநர் இறங்கிக் கழிப்பறைப் பக்கம் நடந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் திரும்பி வந்து இருக்கையில் உட்காரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் கைப்பிடியை மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் கதவு திறந்தது, சூடான காற்று முகத்தில் அடித்தது, மூடினேன். மூன்றாவது முறை, ஹான் கண்ணைத் திறக்காமலே, ஏசி போகிறது என்றார்.

கண்ணாடிக் கதவு திறந்து இருவரும் வந்தார்கள். இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. யார் ஜெயித்தது என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. நிவேதாவின் நடையைத்தான் முதலில் பார்த்தேன். நேராக இருந்தது. எங்களையும் வீட்டில் விட்டுவிடுவதாக ஹான் சொல்ல, அவர்கள் பின்னிருக்கையில் ஏறினார்கள். குழந்தை மட்டையை நிவேதா மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஹான் மகளிடம் கொரிய மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பசிக்குது என்று அவள் சொல்லியிருக்கவேண்டும், நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார்.

கார் நகர்ந்து சாலைக்கு வந்தபிறகு நிவேதா சொன்னாள்.

“மூணாவது கேம்ல தோத்துட்டேன்பா. பத்தொம்பது வரைக்கும் வந்தேன்.”

பரவாயில்லை என்றேன். எங்கே தவறு என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

“ரெண்டு தடவ விழுந்தேன்” என்றாள். “சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சேன்.”

நான் முன்னால் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டே, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன்.

“இடது பக்கம்தான். ரெண்டு தடவையும்.” பொட்டலத்துக்குள் கையை விட்டாள். “அதுல ஒரு ஷாட்ட எடுத்துட்டேன்.”